கேளுங்கோ, கதைப்பம்: பள்ளிக்கூடத்துப் பாட்டும் படமும் கூத்தும்

இந்த முறை வந்த கடிதங்களில கனக்க பிள்ளையளின்ர சங்கீதம், சித்திரம், நாடகம் எண்டுதான் இருந்தது, அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்குத் தள்ளிப்போட்டு இதை மட்டும் எடுத்திருக்கிறன். அரசாங்கப் பள்ளிக்கூடங்களில சங்கீதம் படிப்பிச்ச ஆள் எண்டபடியா எனக்கு சொல்லுறதுக்கு நிறைய இருக்கு, சில பதில் நீண்டுபோச்சு, பொறுமையா வாசியுங்கோ.

ரீச்சர், மகள் இப்ப தரம் 9. வாற வருசம் ஓ.எல் (சாதாரண தரம்) வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யோணும். அவவுக்கு சங்கீதம் எண்டா உயிர். ஆனா கனடாவில இருக்கிற என்ர தமையன் சங்கீதம் படிச்சு என்ன செய்யப்போறா எண்டு கேக்கிறார், ரியூசன் மாஸ்டரும் இலக்கிய நயம் எடுத்தா பாடமாக்கி எழுதலாம், சங்கீதம் எண்டா செயன்முறைப் பரீட்சை வேற இருக்கு எண்டு பயப்படுத்துறார். என்ன செய்யிறது?
ஓர் அம்மா, சாவகச்சேரி

தங்கச்சி, முதல்ல பாடத்தெரிவு எப்பிடி எண்டு சொல்லுறன், ஏனெண்டா கன தாய் தேப்பனுக்கு இது வடிவாத் தெரியாது, தெரியாததாலதான் ஆர் என்ன சொன்னாலும் பயப்பிடினம். ஓ.எல்லுக்கு 9 பாடம். அதில 6 பாடம் எல்லாருக்கும் கட்டாயம்: சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. மிச்சம் 3 பாடத்தையும் மூண்டு தொகுதியில இருந்து ஒவ்வொண்டா எடுக்கோணும். சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், இலக்கிய நயம் எல்லாம் இரண்டாம் தொகுதிக்குள்ளதான் வருது. அப்ப மகள் சங்கீதம் எடுத்தா கணிதத்துக்கோ விஞ்ஞானத்துக்கோ ஒரு நட்டமும் இல்லை, அந்த இடத்தில எப்பிடியும் ஏதோ ஒரு பாடம் எடுக்கத்தான் போறா. ஏ.எல் (உயர்தரம்) படிக்கப் போறதுக்கு 6 பாடம் சித்தி, அதில 3 பாடத்தில திறமைச் சித்தி இருக்கோ எண்டு பாக்கினம், அந்தக் கணக்கில சங்கீதத்தில எடுத்த திறமைச் சித்தியும் மற்றப் பாடத்தில எடுத்ததும் ஒண்டுதான். விருப்பமான பாடத்தில ஏ எடுக்கக்கூடிய பிள்ளையை விருப்பமில்லாத பாடத்துக்கு ஏன் தள்ளுவான்? இலக்கியத்தில பிரியமுள்ள பிள்ளை எண்டா இலக்கிய நயம் மிச்சம் நல்ல பாடம், அதை நான் குறைச்சுச் சொல்லேல்ல, ஆனா பாடமாக்கலாம் எண்ட ஒரே காரணத்துக்காக அதை எடுக்கிறது அந்தப் பாடத்துக்கும் மரியாதை இல்லை.

செயன்முறைக்கு பிள்ளையள் பயப்பிடுறது பாட்டுத் தெரியாததால இல்லை, தனியப் பாடிப் பழக்கமில்லாததால. வகுப்பில முப்பது பேரோட சேர்ந்து பாடின பிள்ளை, முன்பின் தெரியாத பரீட்சகருக்கு முன்னால போய் இருந்தோண்ண தொண்டை அடைக்கும், கை தாளத்தை விட்டிடும். இதுக்கு மருந்து வீட்டிலயே இருக்கு. பின்னேரம் விளக்கு வைச்சாப்பிறகு அம்மம்மாவுக்கு முன்னால, பக்கத்து வீட்டு மாமிக்கு முன்னால ஒரு பாட்டு முழுசா, துடையில தாளம் போட்டுப் பாடச் சொல்லுங்கோ. இடையில பிழைச்சா நிப்பாட்டித் திருப்பித் தொடங்கக் கூடாது, தாளத்தை விடாமல் அடுத்த இடத்தில பிடிக்கோணும், பரீட்சையில பிள்ளையைக் காப்பாத்திறது இந்தப் பழக்கம்தான். பரீட்சைக்குக் கிட்ட தொடங்கினா சரிவராது, பத்தாம் வகுப்பில இருந்தே செய்யுங்கோ.

உங்கட அண்ணருக்கு ஒண்டு சொல்லுங்கோ. 1945இல கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்ததால எங்கட ஊரில சங்கீதமும் நடனமும் காசுள்ள வீடுகளுக்கு மட்டும் எண்டில்லாமல் வகுப்பறைக்கு வந்திருக்கு. வீட்டுக்கு ரீச்சரைக் கூப்பிட்டுப் படிப்பிக்க வசதி உள்ள பிள்ளைக்கு பள்ளிக்கூடத்தில அந்தப் பாடவேளை இல்லாமல் போனாலும் பாட்டு வரும். தோட்டத்தில கூலிக்குப் போற தாயின்ர பிள்ளைக்கு அந்த நாப்பது நிமிசத்தை விட்டா வேற இல்லை. என்ன பிரயோசனம் எண்டு கேக்கிறவைக்கு நான் சொல்லுறது இதைத்தான், பாட விருப்பமுள்ள பிள்ளைக்குப் பாடக் கிடைக்கிறதே பிரயோசனம், அதுக்கு மேல வேற காரணம் காட்டத் தேவையில்லை.

வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையும் கட்டாயம் எடுக்கோணுமோ?
ஒரு மாணவி, நல்லூர்

கட்டாயம் இல்லை பிள்ளை. சபை 1931இல தொடங்கினது, எங்கட ஊரில சங்கீதமும் நடனமும் ஒரு ஒழுங்கில தரம் தரமாப் படிக்கிறதுக்கு அவையின்ர பரீட்சையள் செய்த உதவி பெரிசு. ஆசையா இருந்தா எடுங்கோ. ஆனா ஒரு வருசத்தில பள்ளிக்கூடப் பரீட்சையும் சபைப் பரீட்சையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வந்து, ஒரு கீதத்தைக் கூட ஆற அமரப் பாட நேரமில்லாமல் ஓடுறதெண்டா, ஒரு வருசம் விட்டு எடுங்கோ, ஒண்டும் குடிமுழுகிப் போகாது.

ரீச்சர், நான் தரம் 8, வலிகாமத்தில படிக்கிறன். போன வருசம் வரைக்கும் நல்லாப் பாடினனான், இப்ப பாடேக்க குரல் பிளந்து பிளந்து போகுது, வகுப்பில சிரிக்கினம். நீ இனிப் பாடாத, பின்னுக்கு இரு எண்டு சொல்லிப்போட்டினம். எனக்கு இனிப் பாட்டு வராதோ?
பெயர் வேண்டாம்

வரும் தம்பி. வடிவா வரும். உமக்கு நடக்கிறது வருத்தமில்லை, வளர்த்தி. உம்மட வயசில பெடியளுக்கு குரல்வளை பெருத்து, உள்ள இருக்கிற குரல்நாண் நீண்டு தடிக்கும், அதால குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரைக்குமான தூரம்) கீழ இறங்கும். இறங்கி முடியும் வரைக்கும் தசையளுக்குப் புது அளவு பழகாததால சுரம் சில நேரம் வழுக்கும். சில பேருக்கு சில மாசம், சில பேருக்கு ஒரு வருசத்துக்கு மேலயும் எடுக்கும்.

இதில சுருதிப் பிரச்சினை ஒண்டு இருக்கு, இதை வாசிக்கிற சங்கீத ரீச்சர்மாரும் கவனியுங்கோ. கலவன் பள்ளிக்கூடத்தில பெண் பிள்ளையளுக்குத் தோதா அஞ்சு, அஞ்சரைக் கட்டையில (கட்டை எண்டா சுருதியின்ர உயரத்தைச் சொல்லுற அளவு) சுருதி வைச்சுத்தான் வகுப்பு நடக்கும். குரல் மாறாத பெடியனும் அதில சேர்ந்து பாடிப்போடுவான். குரல் மாறினவனுக்கு அது மேலயும் எட்டாது, ஒரு ஸ்தாயி கீழ இறக்கினா அது அடித்தொண்டைக்குள்ள போய்ச் சத்தமே வராது. அவனுக்குத் தோதானது ஒண்டு, ஒண்டரை, ரெண்டு கட்டை மாதிரி வரும். அப்ப அவன் சுருதி பிசகுறது அவன்ர பிழையில்லை. வகுப்பில ஒரு பத்து நிமிசம் ஒதுக்கி இந்தப் பெடியளை மட்டும் தனிச் சுருதியில பாட வைச்சா அவை தப்பிடுவினம், மற்றப் பிள்ளையள் அந்த நேரம் தாளம் போடட்டும்.

தம்பி, நீர் செய்ய வேண்டியது இதுதான். கத்திப் பாடாதையும். ஒரு நாளைக்கு பத்துப் பதினைஞ்சு நிமிசம் மெதுவா, உமக்கு வலிக்காமல் வாற சுருதியில, சட்ஜத்தில (ச) இருந்து பஞ்சமம் (ப) வரைக்கும் மட்டும் பாடும். மேல் சட்ஜம் இப்ப வேண்டாம், அது தானா வரும். இந்தக் காலத்தில தாளத்தைப் பிடியும், ஆதி தாளத்தின்ர எட்டு அட்சரத்துக்குள்ள சரளி வரிசை எண்ட தொடக்கப் பாடத்தை மூண்டு காலத்திலயும் வாயால பாடாமல் மனசுக்குள்ள ஓட்டிப் பாரும், பாடேக்க தெரியாத கன விசயம் அதில தெரியவரும். மிருதங்கம் பழக வழி இருந்தா அதையும் பழகும். பின்னுக்கு இரு எண்டு சொன்னா இரும், ஆனா வாயை மூடாதையும்.

போனில சுருதிப் பெட்டி ஆப் போட்டுப் பழகலாமோ? யூரியூப்பில பாத்து பாட்டுப் படிக்கலாமோ?
ஒரு தகப்பன், மானிப்பாய்

சுருதிக்கு போன் தாராளமாக் காணும். சுருதிப் பெட்டி வாங்க வசதி இல்லாத வீட்டுக்கு அது நல்ல உதவி. யூரியூப்பில கேளுங்கோ, கேக்கக் கேக்கத்தான் காது திருந்தும், ஆனா தொடக்கத்தில இருக்கிற பிள்ளைக்கு பிழை திருத்த எதிர ஒரு ஆள் இருக்கோணும். போன் பிழையைச் சொல்லாது.

நான் வடமராட்சியில ஆரம்பப் பிரிவு ஆசிரியை. எனக்கு சித்திரம் தெரியாது. பிள்ளையளுக்கு என்ன கீறக் குடுக்கிறது எண்டு விளங்குதில்லை, வண்ணக் கட்டி வாங்கவும் கன பிள்ளையளுக்கு வசதியில்லை. என்ன கீறச் சொன்னாலும் எல்லாரும் ஒரே படத்தைத்தான் கீறுதுகள்.

ரீச்சர், அந்த ஒரே படம் என்னெண்டு நான் சொல்லட்டோ? ரெண்டு மலை, நடுவில சூரியன், மலைக்குள்ள இருந்து ஒரு ஆறு, கரையில ஒரு சிவப்புக் கூரை வீடு, வானத்தில நாலு காகம். எங்கட குடாநாட்டில மலையும் இல்லை, வருசம் முழுக்க ஓடுற ஆறும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுத் தரை, தட்டையான நிலம், தண்ணியெல்லாம் நிலத்துக்குக் கீழ கிணத்தில. அந்தப் பிள்ளை பிறந்ததில இருந்து மலையைக் கண்ணால கண்டிருக்காது, ஆனா அதைத்தான் கீறுது, ஏனெண்டா ஆரோ கரும்பலகையில கீறிக் காட்டினதை அக்கா பாத்துக் கீறி, அக்காவைப் பாத்து தங்கச்சி கீறி அப்பிடியே வருது.

உங்களுக்கு சித்திரம் தெரியாட்டில் நல்லதுதான், கரும்பலகையில ஒண்டும் கீறாதேங்கோ. பிள்ளையளை வெளியில கூட்டிக்கொண்டு போய் வேலிக்கு முன்னால இருத்துங்கோ. பூவரசு, கிளுவை, இடையில செத்துப்போன ஒரு கதியால், அதுக்குக் கீழ கோழி கிளறின மண், ஒரு பொட்டு, அதுக்குள்ளால தெரியிற அடுத்த வளவு. பத்து நிமிசம் பாக்கச் சொல்லிப்போட்டு பேந்து கீறச் சொல்லுங்கோ. ஒரு படமும் இன்னொரு படம் மாதிரி இராது, ஒருத்தி இலையை மட்டும் கீறுவா, ஒருத்தன் கோழியை மட்டும் பெரிசாக் கீறுவான். கோழி மாட்டளவு இருக்குதெண்டு திருத்தாதேங்கோ, அவனுக்கு அண்டைக்கு கோழிதான் முக்கியம்.

வண்ணத்துக்கு அடுப்புக் கரி, செங்கட்டித் துண்டு, மஞ்சள். மஞ்சளில சுண்ணாம்பு சேர்த்தா சிவக்கும். செவ்வரத்தம்பூவைக் கசக்கின சாறில தேசிக்காய்ப் புளி விட்டா சிவப்பு, சவர்க்காரத் தண்ணி விட்டா பச்சைப் பக்கம் போகும், இதைப் பாத்திட்டு பிள்ளையள் போடுற சத்தம் கந்தோர் வரைக்கும் கேக்கும், அதிபர் வந்தா சுற்றாடல் பாடமும் இதுக்குள்ள நடக்குது எண்டு சொல்லுங்கோ, உண்மையும் அதுதான். கடதாசிக்கு பழைய கலண்டர்த் தாளின்ர பின்பக்கம் காணும். குருநகரில பிறந்த அ. மாற்கு மாஸ்டர் பேர் பெற்ற ஓவியர், ஆனா பாடசாலைச் சித்திர ஆசிரியராயும் இருந்தவர், அவரிட்டப் படிச்ச எத்தினையோ பேர் பிறகு ஓவியரா வந்திருக்கினம். அரசாங்கப் பள்ளிக்கூடத்து சித்திர வகுப்பில இருந்து அப்பிடியும் நடக்கும்.

எங்கட பிள்ளை தரம் 7. ஒவ்வொரு வருசமும் தமிழ்மொழித் தினப் போட்டி எண்டு கொஞ்சப் பிள்ளையளைத் தெரிஞ்செடுத்து மாசக்கணக்காப் பழக்கினம், மற்றப் பிள்ளையள் அந்த நேரம் சும்மா வகுப்பில இருக்குதுகள். என்ர பிள்ளையை ஒருநாளும் எடுக்கேல்ல. இது சரியோ ரீச்சர்?
ஒரு தாய், யாழ்ப்பாணம்

சரியில்லை அம்மா. இதை நான் ஒளிச்சு மறைச்சுச் சொல்லப் போறேல்ல.

போட்டி வேண்டாம் எண்டு நான் சொல்லமாட்டன். பாடசாலையில தொடங்கி கோட்டம், வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கை எண்டு அந்தப் படியளில ஏறிப்போற பிள்ளைக்கு அது பெரிய அனுபவம், கிராமத்துப் பிள்ளை ஒண்டு பெரிய மேடையில நிண்டு பாடிப்போட்டு வாற சந்தோசத்தை நான் கண்டிருக்கிறன். ஆனா போட்டிக்குப் பழக்கிறது பள்ளிக்கூடம் விட்டாப்பிறகு செய்ய வேண்டிய வேலை. நேரசூசியில சங்கீதம் எண்டு போட்டிருக்கிற பாடவேளை வகுப்பில இருக்கிற எல்லாப் பிள்ளையளுக்கும் உரியது, நல்லாப் பாடுற எட்டுப் பேருக்கு மட்டுமில்லை. சுருதி பிடிபடாத பிள்ளைக்குத்தான் அந்த நேரம் கூடத் தேவை. கணிதத்தில கெட்டிக்காரர் ஒலிம்பியாட்டுக்குப் போகினம் எண்டு மற்றவைக்கு கணிதம் படிப்பிக்காமல் விட்டா ஊர் சும்மா விடுமோ? சங்கீதத்துக்கு மட்டும் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறம்?

இன்னொண்டும் நடக்குது. பரீட்சை கிட்டினா அழகியல் பாடவேளையைத்தான் முதல்ல தூக்கி கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் குடுக்கினம், ஆரம்பப் பிரிவில எண்டா புலமைப் பரிசிலுக்காக பாட்டும் கீறலும் அஞ்சாம் வகுப்பில காணாமலே போகுது. பத்து வயசுப் பிள்ளை விடிய ரியூசன், பகல் பள்ளிக்கூடம், பின்னேரம் திரும்ப ரியூசன் எண்டு ஓடேக்க, அதுக்கு மூச்சு விடுற ஒரே நேரத்தையும் பறிச்செடுக்கிறம். பெற்றோர் கூட்டத்தில எழும்பி எங்கட பிள்ளையின்ர சங்கீதப் பாடவேளை இந்தத் தவணை எத்தினை நடந்தது எண்டு கேளுங்கோ. மரியாதையாக் கேளுங்கோ, ஆனா கேளுங்கோ. ரெண்டு மூண்டு பேர் சேர்ந்து கேட்டா இன்னும் நல்லம்.

ரீச்சர்மாருக்கு ஒரு யோசனை. காலைப் பிரார்த்தனையை தினமும் அதே நாலு பிள்ளையள் மைக்கில பாடாமல், கிழமைக்கு ஒரு வகுப்பு முழுசா முன்னுக்கு வந்து பாடட்டும். சைவப் பள்ளிக்கூடங்களில பிள்ளையளுக்கு ஏற்கெனவே வாயில இருக்கிற தேவாரத்தைக் கொண்டே பண்ணையும் (பழைய தமிழ் இசையின்ர ராகம்) ராகத்தையும் விளங்கப்படுத்தலாம். சுந்தரரின்ர பித்தா பிறைசூடி பதிகம் இந்தளப் பண், மாயாமாளவகௌளைக்கு நேரானது, அதே மாயாமாளவகௌளையிலதான் ஆறாம் வகுப்புப் பிள்ளை சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடுது. ஒருக்கா வரிசையைப் பாடி உடனே பதிகத்தின்ர முதல் அடியைப் பாடிக் காட்டினா, அட ரெண்டும் ஒரே சுரம் எண்டு பிள்ளையின்ர முகம் மாறும். கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு கோவில் பாட்டுக்கள் அப்பிடியே உதவும். இதுக்கு உடுப்பும் வேண்டாம், மேக்கப்பும் வேண்டாம், நடுவரும் வேண்டாம்.

உங்கட பிள்ளைக்கு வீட்டில சொல்லுங்கோ, எடுபடாதது பாட்டு வராததால இல்லை எண்டு.

ஏ.எல்லுக்கு நாடகமும் அரங்கியலும் எடுக்கலாம் எண்டு நினைக்கிறன். பிறகு எங்க படிக்கலாம்?
ஒரு மாணவன், கொக்குவில்

எடும் தம்பி. இது எங்கட ஊர் வேர்விட்ட பாடம். குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா 1978இல நாடக அரங்கக் கல்லூரி தொடங்கி, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கெண்டே நாடகம் எழுதி, ஆசிரியர்மாரையும் பழக்கி விட்டவர், 2025இல அவர் போய்ச் சேர்ந்தாலும் அவரிட்டப் படிச்சவைதான் இண்டைக்கும் கன இடத்தில படிப்பிக்கினம். ஏ.எல் முடிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கு, சங்கீதம் நடனம் எண்டா மருதனார்மடத்தில 1960இல இசைக் கல்லூரியாத் தொடங்கி இப்ப பல்கலைக்கழகப் பீடமா வளர்ந்த இராமநாதன் இருக்கு, மட்டக்களப்பில சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கு. சில கற்கைநெறிக்கு திறன் பாக்கிற பரீட்சை தனிய வைப்பினம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின்ர கைநூலை அந்தந்த வருசம் வாங்கிப் பாரும், போன வருசத்துப் புத்தகத்தை நம்பாதையும்.

மகனுக்கு 10 வயசு. கோயிலில தவில் கேட்டுக் கேட்டு தவில்தான் பழகப்போறன் எண்டு நிக்கிறான். சொந்தக்காரர் மிருதங்கம் எண்டாப் பழக்கு, தவில் எங்களுக்குச் சரிவராது எண்டு சொல்லினம்.
ஒரு தகப்பன், இணுவில் பக்கம்

அண்ணை, சரிவராது எண்டு அவை சொல்லுறது சாதியை மனசில வைச்சு. அதை நேராச் சொல்லிப்போட வேணும். மேளம் வாசிக்கிறதை ஒரு பகுதி ஆக்களுக்கு எண்டு ஒதுக்கி, அவையின்ர வித்தையை ரசிச்சு அவையைத் தள்ளி வைச்ச ஊர் எங்கட ஊர். அது பிழை. உங்கட மகனுக்கு அந்தப் பிழை தெரியாது, அவனுக்குத் தெரிஞ்சது சத்தம் மட்டும்தான், அவனை அப்பிடியே விடுங்கோ.

இணுவிலில பிறந்து அளவெட்டியில வாழ்ந்த தவில் வித்துவான் தட்சணாமூர்த்தியை தமிழ்நாட்டில யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி எண்டுதான் சொன்னவை, எங்கட ஊரின்ர பேர் அவற்ற கைவிரலாலதான் அங்க போனது. 1975இல காலமாகேக்க அவருக்கு நாப்பத்திரண்டு வயசு கூட வராது. அந்த மண்ணில நிண்டு தவில் சரிவராது எண்டு சொல்லக் கூடாது.

பத்து வயசுக்கு தவிலின்ர பாரம் கூட, அதால குருவிட்ட விட்டு முதல்ல வாயால சொற்கட்டுச் சொல்லி, கையில தாளம் போடப் பழகட்டும். வலப்பக்கம் விரலுக்குக் கூடு போட்டு, இடப்பக்கம் தடியால வாசிக்கிற வாத்தியம், விரலும் தோளும் பலப்பட நாளெடுக்கும். குருவைத் தேடிப்போகேக்க வெத்திலை பாக்கோட, மரியாதையாப் போங்கோ.

எங்கட பள்ளிக்கூடம் தீவகத்தில சின்னது. சங்கீதத்துக்கும் சித்திரத்துக்கும் ஆசிரியர் இல்லை. வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர் ரெண்டு கீபோர்ட் வாங்கித் தந்தவை, பெட்டி உடைக்காமல் அலுமாரிக்குள்ள கிடக்கு. என்ன செய்யலாம்?
பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்

முதல் கீபோர்ட்டை வெளியில எடுங்கோ. கடல் காத்து அடிக்கிற இடம், பாவிக்காமல் வைச்சாத்தான் கெதியாப் பழுதாகும், பற்றரி போட்டு வைச்சிருந்தா கழட்டுங்கோ, அது கசிஞ்சு உள்ளுக்க அரிச்சுப்போடும். கமகம் (சுரத்தை அசைச்சுப் பாடுறது) கீபோர்ட்டில வராது, எண்டாலும் பன்னிரண்டு சுரஸ்தானமும் எங்கெங்க எண்டு பிள்ளை கண்ணால பாக்கும், காதால கேக்கும், சுருதிக்கும் உதவும்.

ஆசிரியர் வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு இராதேங்கோ. உங்கட பக்கத்தில கூத்துப் பழக்கின அண்ணாவிமார், கோவில் பாடகர் குழுவில ஆர்மோனியம் வாசிக்கிற ஆக்கள், வலை பின்னத் தெரிஞ்ச, பனையோலை இழைக்கத் தெரிஞ்ச அம்மாமார் கட்டாயம் இருப்பினம். அதிபரின்ர அனுமதியோட கிழமைக்கு ஒருக்கா அவையைக் கூப்பிடுங்கோ. அண்ணாவியார் ஒரு தருவை (கூத்துப் பாட்டை) சொல்லிக் குடுத்து அதுக்கு ஆட்டத்தையும் காட்டினா பாட்டு, தாளம், நடனம், நாடகம் நாலும் ஒரே நேரத்தில வந்திடும். போக்குவரத்துச் செலவை பழைய மாணவரிட்டக் கேளுங்கோ, இன்னொரு கீபோர்ட்டை விட அது பிரயோசனம்.

ஆனா இது ஆசிரியருக்குப் பதிலில்லை, அதை விட்டிடாதேங்கோ. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அதிபர் மூலமா, சங்கத்தின்ர தீர்மானமா எழுதுங்கோ. எந்தத் தரத்தில எத்தினை பிள்ளையள், கிழமைக்கு எத்தினை பாடவேளை ஆசிரியர் இல்லாமல் போகுது, எந்தத் திகதியில இருந்து வெற்றிடம் எண்டு தெளிவாப் போடுங்கோ, முழுநேரம் தர ஏலாட்டில் பக்கத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியரை கிழமைக்கு ரெண்டு நாள் இணைப்பில தாங்கோ எண்டும், அழகியல் பாட ஆசிரிய ஆலோசகரை தவணைக்கு ஒருக்கா அனுப்புங்கோ எண்டும் கேளுங்கோ. ஒரு பிரதி மாகாணக் கல்வித் திணைக்களத்துக்குப் போகட்டும். ஒரு மாசத்துக்குள்ள பதில் வராட்டில் அடுத்த கடிதத்தைக் கையில கொண்டு போய்க் குடுத்து, வாங்கினதுக்கு முத்திரை குத்திக்கொண்டு வாங்கோ.